சடையங்குப்பத்து ஜிமிக்கி

சங்கமித்ரா செய்கிற ஜிமிக்கிகள், ஆலைப் புகை வருவதற்கு முன்னாலேயே கருத்துவிடும். எவ்வளவு முன்னால் என்று கேட்டால், ஊற்றி வைத்த டீ ஆறிப்போகிற நேரம் என்று சடையங்குப்பத்தில் சொல்வார்கள். புகை வந்து, இருந்து, எல்லார் கண்ணையும் எரித்துவிட்டுப் போன பிறகு ஜிமிக்கி தானாகவே பழையபடி பளபளக்கும். புளி போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. கவரிங் கருப்பது எங்கும் உள்ளதுதான். நாலு மாதம் வியர்வை பட்டால் எந்தக் கவரிங்கும் கருக்கும். ஆனால் பட்டதற்காக இல்லாமல் படப்போவதற்காகக் கருக்கிற நகை மணலிப் பக்கத்தில் இந்த ஒரு தெருவில்தான் கிடைத்தது. அதைப் பார்த்து வாயைப் பிளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மழை வந்தால் இடுப்பளவு தண்ணீர், காற்று திரும்பினால் நீலக் கேட்டு ஆலையின் புகை என்று இரண்டையும் பார்த்துப் பழகிய ஊர் அது. ஆலைக்குக் காகிதத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. வாசலில் லாரி நுழைகிற அளவுக்கு நீலக் கேட்டு இருந்ததால் ஊருக்கு அந்தப் பெயர் போதுமானதாக இருந்தது.

சங்கமித்ரா பி.காம். முடித்து, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை யாரும் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். கால் வீங்கி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தபோது, மூலையில் சும்மா கிடந்த செம்புக் கம்பியை எடுத்து ஆணியில் சுற்றிப் பார்த்தாள். அவள் அப்பா பரசுராமன் திருவொற்றியூரில் மோட்டார் வைண்டிங் வேலை பார்க்கிறவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, உள்ளே கருகிக் கிடக்கும் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார். உருவிய கம்பியில் கொஞ்சம் வீட்டுக்கும் வரும். மோட்டாருக்கு அப்பா சுற்றுவதைப் போலவே மகளும் சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றினாள். மேலே சிறுத்துக் கீழே அகன்று ஒரு குடை வந்தது. அடியில் பாரிமுனையில் வாங்கிய பொடி முத்துகளைக் கோத்தாள். கம்பியை அடுப்பில் காட்டி வார்னிஷை எரித்து, புளித்தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் இளஞ்சிவப்பாக மின்னும். செம்பு என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள் என்று தெரிந்து ரோஸ் கோல்டு என்று போட்டாள். பெயர் மாறியதும் செம்புக்கு மவுசு வந்துவிட்டது. செல்போனில் 'காதோரம்' என்று ஒரு பக்கம் திறந்து, செய்ததையெல்லாம் படம் பிடித்துப் போட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நீலக் கேட்டு ஆலையிலிருந்து பெரிய மோட்டார் ஒன்று எரிந்து வைண்டிங் கடைக்கு வந்தது. ஆலைக்குள் இருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற விசிறியின் மோட்டார். அதன் கம்பி மூட்டையாக வீட்டுக்கு வந்தது. அதில் செய்த ஜிமிக்கிகள்தான் முதலில் கருத்தவை. வருஷக்கணக்காக அந்த ஆலையின் மூச்சை இழுத்து விட்ட கம்பி, அடுத்த மூச்சு எப்போது வரும் என்று அதற்குத் தெரியாதா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மூட்டை தீர்ந்து, கடையில் வாங்கிய புதுக் கம்பியில் செய்ததும் அதே மாதிரி கருத்தபோது, கம்பி இல்லை, மித்ராவின் கைதான் காரணம் என்று பேச்சை மாற்றிக்கொண்டார்கள். பரசுராமன் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. கருக்குது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

நகை செய்தால் மட்டும் விற்காது, அதைப் போட்டுக்கொள்ள ஒரு காது வேண்டும். அந்தக் காது எதிர்வீட்டுக் கார்குழலியுடையது. குழலியும் மித்ராவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, ஒரே தட்டு. குழலி ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பட்டன் சரிபார்க்கிற வேலையில் இருந்தாள். அவளுக்கு நீளக் கழுத்து, காது மடல் தட்டையாக, நகை தொங்கினால் அசையாமல் நிற்கும். வாரநாள் ஆபீசுக்கு வெளிர்நீலக் குர்த்தியும் சின்ன ஜிமிக்கியும், காலேஜுக்கு ஜீன்ஸோடு ஒற்றைக் கல் தோடு, வெள்ளிக்கிழமை நூல் புடவைக்குப் பெரிய குடை ஜிமிக்கியும் கழுத்தில் ஒன்றும் போடாமலும் என்று மித்ரா அவளை நிறுத்திப் படம் எடுப்பாள். எந்தத் துணிக்கு எது, முடியை எந்தப் பக்கம் ஒதுக்கினால் காது தெரியும் என்றெல்லாம் கீழே எழுதுவாள். அடையாறிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற பெண்கள் அதைப் பார்த்துத் தங்கள் அலமாரியைத் திருத்திக்கொண்டார்கள். டேங்கர் லாரியின் உருண்டை முதுகுதான் பெரும்பாலும் பின்னணி. வெயிலில் அது வெள்ளித்தகடு மாதிரி பிரகாசிக்கும். ஆலையின் புகைபோக்கி எட்டிப் பார்க்காமல் படத்தை வெட்டுவதுதான் மித்ராவுக்குப் பாதி வேலையாக இருந்தது.

குழலிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. புகை வருகிற நாளில் நெஞ்சு விசிலடிக்கும், உதடு நீலம் பூக்கும், மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இரண்டு மூன்று தடவை போனால்தான் ஆள் உட்கார முடியும். ஒருநாள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் காதில் ஜிமிக்கி கருத்துவிட்டது. புளித்தண்ணீரில் சரியாக ஊறவில்லை என்று மித்ரா தன்னையே நொந்துகொண்டாள். நீ வியர்வை துடைக்காம நின்னா எது கருக்காது என்று குழலியையும் கொஞ்சம் திட்டினாள். இரண்டு பேரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் புகை வந்துவிட்டது. அடுத்த தடவையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த தடவை ஜிமிக்கி கருத்ததும் குழலி சண்டைக்கு நிற்கவில்லை. மித்ராவின் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இருவரும் திருவொற்றியூர் கடற்கரைக்குப் போய், கல் போட்ட கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போன் போட்டபோது, இங்கே கண்ணைத் திறக்க முடியவில்லை என்று குழலியின் அம்மா கன்னியம்மா இருமலுக்கு நடுவே சொன்னாள். புகை வந்த நாளில் நெஞ்சு விசிலடிக்காமல் இருந்தது குழலிக்குப் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அவள் கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு வருஷங்கள் சுலபமாகப் போயின. தெருவில் எல்லாப் பெண்களும் மித்ராவிடம் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார்கள். நகை போட மாட்டேன் என்றிருந்த கிழவர்கள்கூட ஒற்றை ஜிமிக்கியைச் சட்டைப் பட்டனில் தொங்கவிட்டார்கள். குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியின் காதைப் பார்த்து, ஏய் கருத்துக்கினு வருது என்பாள். கொடியில் காய்கிற துணி உள்ளே போகும், ஜன்னல்கள் சாத்தப்படும், ஈரத்துணி கதவிடுக்கில் திணிக்கப்படும், குழலி ஸ்கூட்டியில் கடற்கரைக்குப் போய்விடுவாள். ஆலையில் கசிவு ஏற்பட்டால் ஊதுவதற்கென்று ஒரு சங்கு இருப்பதாகச் சொல்வார்கள். அதை யாரும் கேட்டதில்லை. கேட்காத சங்கைப் பற்றி யாரும் கவலைப்படுவதையும் நிறுத்திவிட்டார்கள், அதுதான் காதில் தொங்குகிறதே.

தொந்தரவு வெளியிலிருந்து வந்தது. ஜிமிக்கிக்கு ஊர் விட்டு ஊர் போனாலும் பிறந்த இடம் மறக்கவில்லை. அடையாறில் ஒரு பெண்ணின் பிறந்தநாள் விருந்தில், கேக் வெட்டுகிற நேரத்தில் ஜோடி ஜிமிக்கியும் கருத்தன. கோயம்புத்தூரில் ஒருத்தி வேலைக்கு நேர்காணலில் உட்கார்ந்திருந்தபோது கருத்து, கேள்வி கேட்டவர் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். துபாயில் கருத்தது. எல்லாம் சடையங்குப்பத்தில் புகை வந்த நேரங்கள். அதை வாங்கியவர்களுக்கு எப்படிச் சொல்வது? மட்டமான சரக்கு, ஏமாற்று வேலை, தங்க முலாம் என்று சொல்லித் தகரத்தைத் தலையில் கட்டிவிட்டாள் என்று 'காதோரம்' பக்கத்தில் எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் நகை மறுபடி மின்னுவதைப் பார்த்தவர்கள்கூடத் திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மித்ரா ஒவ்வொருத்தியிடமும் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் தெருவுக்குப் புகை வந்தது என்று ஒருத்திக்கு மட்டும் உண்மையை எழுதிப் பார்த்தாள். அந்தப் பெண் அனுதாபமாக ஒரு பொம்மை முகத்தை அனுப்பிவிட்டு நகையைத் திருப்பி அனுப்பினாள்.

இதற்கு வழி சொன்னவள் ராமசெல்வி. எம்.சி. ரோட்டில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, மித்ராவிடம் மொத்தமாக எடுக்கிறவள். கருத்த ஜோடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மித்ரா பேய்முழி முழித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவரிங் வாங்குனா மொத வேலையா கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு கை அடிச்சிருவோம்லா, இதக்கூடவா ஒனக்கு யாரும் சொல்லித் தரல என்று கேட்டாள். தமிழ்நாட்டில் பாதிப் பெண்கள் செய்கிற வேலைதான். மித்ரா ஒரு டஜன் சீசா வாங்கினாள். நகத்துக்குப் பூசுகிற மாதிரியே குடையின் உள்ளும் புறமும் பூசி, மின்விசிறிக்குக் கீழே காயவைத்து அனுப்பினாள். திட்டுகள் நின்றன. கண்ணாடி மாதிரிப் பூச்சுதான், ஆனால் அதற்கப்புறம் புகை வந்தாலும் அந்த ஜிமிக்கிகள் நிறம் மாறவில்லை. வெளியே போகிறதற்குப் பூச்சு, தெருவுக்குப் பூச்சில்லாதது என்று மித்ரா இரண்டு டப்பாக்கள் வைத்துக்கொண்டாள். இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் அவள் மிகவும் கறாராக இருந்தாள்.

அந்தச் சமயத்தில் குழலிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் எழிலன், புளியந்தோப்பு, மெட்ரோ ரயிலில் எலக்ட்ரீஷியன். வேலைக்குப் போகிற ரயிலில் குழலியைப் பார்த்து, அவளிடம் பேசி, வீட்டில் சொல்லி, அவன் அம்மா பெண் கேட்டு வரும்வரை எல்லாம் அவனாகவே செய்தான். இரண்டு குடும்பமும் பௌத்தம். புத்தர் படத்துக்கு முன்னால் புத்தம் சரணம் என்று திரிசரணம் சொல்லி நிச்சயம் செய்வது, வரதட்சிணை கிடையாது, நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை என்று பேச்சு முடிந்தது. நாங்கள் சகுனம் பார்க்கிற ஆட்கள் இல்லை என்று பையனின் அம்மா இரண்டு தடவை சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மூச்சு வாங்குமாமே, பிள்ளை நிற்காதாமே, உங்கள் பெண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லவே இல்லை என்று கன்னியம்மா சொன்னாள். குழலி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பம்ப் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் போய்விட்டது.

நிச்சயத்துக்குப் பெண்ணின் தோழிகள் எல்லாரும் ஒரே நிறத்தில் துணி, ஒரே மாதிரி நகை போட்டுக்கொள்வது இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்ட வழக்கம். அரக்கு நிறப் புடவை என்று முடிவாயிற்று. ஜிமிக்கி மித்ராவின் பொறுப்பு. அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே அழகான ஜோடிகள் அவை. குழலியுடையதில் மட்டும் குடைக்குள் இன்னொரு சின்னக் குடை வைத்திருந்தாள், தலையசைத்தால் உள்குடை தனியாக ஆடும். அவற்றைக் காட்டப் போன அன்றுதான் கன்னியம்மா விஷயத்துக்கு வந்தாள். பையன் வூட்டுக்காரங்க கண்ணு முன்னாடி அத்தினி காதும் கருத்துச்சின்னு வெச்சுக்கோ, மூச்சு வாங்குற ஊரு பொண்ணு வாணாம்னு எழுந்து போய்க்கினே இருப்பாங்க, அந்த நெயில் பாலிஷ இதுங்களுக்கும் அடிச்சிடேன் என்றாள். மித்ரா முடியாது என்று எழுந்துவிட்டாள். புகை வந்தால் குழலியை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது, நேரம் வேண்டாமா என்று கேட்டாள். அப்போது குழலி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒரு நாளு தாண்டி மித்ரா. ஒரே ஒரு நாளு அது வாய மூடிக்கினு இருக்கட்டும். அப்பால நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்."

மித்ரா அவள் முகத்தைப் பார்த்தாள். குழலி இதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை, காதைக் கொடுத்தவள்தான். புளியந்தோப்பில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கலாம் என்பதை அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றும் அந்த வாரம் கடலிலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. மித்ரா சீசாவை எடுத்துவந்து அத்தனை ஜோடிக்கும் பூசினாள். தனக்கென்று வைத்திருந்த ஜோடியை மட்டும் பூசாமல் வைக்கலாமா என்று கொஞ்சநேரம் யோசித்தாள். எல்லாரும் வரிசையாக நிற்கிற படத்தில் ஒரு காது மட்டும் கருத்திருந்தால் நன்றாக இருக்காது, அதுவும் 'காதோரம்' பக்கத்துக்கு அந்தப் படம்தான் விளம்பரம். அதற்கும் பூசிவிட்டாள். இதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை, யாரும் கேட்காவிட்டாலும் சொன்னாள்.

நிச்சயம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. தெருவே அங்கே இருந்தது. கன்னியம்மா கேட்டுக்கொண்டபடி, தோழிகள் தவிர மற்ற எல்லாரும் தங்கள் ஜிமிக்கியை வீட்டிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தார்கள். திரிசரணம் சொல்லி, தட்டு மாற்றி, எழிலன் குழலிக்கு மோதிரம் போட்டான். தோழிகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை காதும் ஒரே மாதிரி ஜொலித்தன. பையனின் அம்மாகூட, எங்கே வாங்கினது, என் மகளுக்கும் ஒரு ஜோடி சொல்லிவை என்று கேட்டாள். மித்ராவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பிரியாணி அண்டாவைத் திறந்தபோது காற்று திரும்பியது. தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகளில், ஜன்னல் ஆணிகளில் தொங்கிய பூச்சில்லாத ஜிமிக்கிகள் எல்லாம் கருத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. கூடத்தில் எல்லாரும் பந்தியில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறுகிற நேரம் வந்து, போயிற்று.

முதலில் இருமியது பையன் வீட்டு ஆட்கள்தான், பழக்கமில்லாதவர்கள். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினார்கள். குழலி மேடையில் உட்கார்ந்தபடியே சிரித்த முகமாக இருக்கப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று காட்டிக்கொள்ளவே அவள் வெகுநேரம் முயன்றாள். பட்டுப்புடவை, இறுக்கித் தைத்த ரவிக்கை, பின்னலில் பூச்சரம், உள்ளே விசிலடிக்கிற நெஞ்சு. அவள் சாய்ந்த பிறகுதான் கன்னியம்மா பம்ப்பை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். கண் எரிச்சலில் பூட்டுத் துவாரம் தெரியவில்லை அவளுக்கு. எழிலன் குழலியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஆட்டோவில் ஏற்றினான், மித்ராவும் ஏறினாள். மணலி ரோட்டில் டேங்கர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. இந்தப் பக்கமும் உருண்டை முதுகு, அந்தப் பக்கமும் உருண்டை முதுகு. எழிலன் இறங்கி ஒவ்வொரு லாரியாகத் தட்டிக் கெஞ்சினான். ஆஸ்பத்திரிவரை அவர்கள் போகவேயில்லை.

மித்ராவின் மடியில் தலை சாய்ந்திருந்தது. உதடு நீலம், விரல் நகம் நீலம். காதில் ஜிமிக்கி மட்டும் வெயிலில் இளஞ்சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது, உள்குடை இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மித்ரா அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். பூச்சு இளஞ்சிவப்பையும் ஒட்டிக்கொண்டு பாலாடை மாதிரி உரிந்து வந்தது. அடியில் ஜிமிக்கி அடுப்புக்கரியாகக் கருத்திருந்தது. எல்லாருடையதையும் பிறகு சுரண்டிப் பார்த்தார்கள், எல்லாமே அப்படித்தான். வாயை மூடினாலும் அவை சொல்வதை நிறுத்தவில்லை. மித்ரா ஆட்டோவில் உட்கார்ந்தபடி தன் காதிலிருந்ததையும் பிய்த்துச் சுரண்டினாள், மடல் கிழிந்து ரத்தம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. லாரியைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்த எழிலன், குழலியைப் பார்த்தான், ஜிமிக்கியைப் பார்த்தான். இது எதுக்கு கருக்கும் என்று கேட்டான். மித்ரா சொன்னாள்.

"எனக்கு தெரிஞ்சிருந்தா மூச்சு வாங்குறவளையே கட்டிக்கினு போயிருப்பேனே," என்றான். பிறகு, "ஒண்ணு எனக்கு குடு," என்று கை நீட்டினான்.

இடது காதுடையதை அவன் எடுத்துக்கொண்டான். வலதை மித்ரா வைத்துக்கொண்டாள். புகை போன பிறகு ஊரில் எல்லா ஜிமிக்கியும் பழைய நிறத்துக்குத் திரும்பின, அந்த இரண்டும் திரும்பவில்லை.

சான்றிதழில் நாள்பட்ட மூச்சிரைப்பு என்று எழுதினார்கள், அது பொய்யும் இல்லை. அன்றைக்குப் பராமரிப்பு வேலைக்காக ஆலை ஓடவேயில்லை என்று ஆலை சொன்னது. காற்று சுத்தமான பிறகு ஒரு கருவியோடு வந்தவர்கள், காற்று சுத்தமாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் ஆலையை இன்னும் பெரிதாக்கப் போகிறோம் என்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மித்ரா தோழிகளின் ஜிமிக்கிகளையெல்லாம் ஒரு கயிற்றில் கோத்து எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். ஆலை அழைத்து வந்திருந்த நிபுணர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"கவரிங்னா கருக்கத்தாம்மா செய்யும். எங்க வீட்லயும் கருக்குது," என்றார்.

பஸ்ஸில் கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கயிற்றில் கோத்திருந்த ஜிமிக்கிகள் அப்போதுதான் கருக்க ஆரம்பித்தன. பின்வரிசையில் பெண்கள் ஒருத்தி காதை ஒருத்தி பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் கோஷம் போடவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கடற்கரைப் பக்கமாக நடந்தார்கள். மித்ரா ஒலிபெருக்கியில், புகை வருது, எல்லாரும் எழுந்து போய்டுங்க என்று முன்வரிசைக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். அவர்கள் மறுபடி சிரித்தார்கள். ஊர்ப் பெண்கள் கூட்டத்தைப் புறக்கணித்து வெளியேறினர் என்று கூட்டம் நடத்திய அரசு அதிகாரி குறித்துக்கொண்டார். குறித்து முடித்துப் பேனாவை மூடுவதற்குள் புகை வந்து, மேடையில் இருந்தவர்கள் மேஜைவிரிப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். எதிர்ப்பு எதுவும் இல்லை என்று அனுமதி கிடைத்தது. அதிகாரியின் டிரைவர் மட்டும் மறுநாள் தெருவுக்கு வந்து, காதும் காதும் வைத்த மாதிரி தன் மகளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனான். ஆலையின் காவலாளிகளுடைய மனைவிகள் அவனுக்கு முன்னாலேயே வாங்கியிருந்தார்கள்.

எழிலன் வேறு கல்யாணம் செய்துகொண்டான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கன்னியம்மா இப்போது மித்ராவின் வீட்டில் உட்கார்ந்து முத்து கோக்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது. அலமாரிப் புடவைக்கு அடியில் கிடந்த பம்ப்பை அவள் இடுப்பில் செருகிக்கொண்டே திரிகிறாள், அவளுக்கு மூச்சிரைப்பு கிடையாது. மித்ரா நெயில் பாலிஷ் சீசாக்களைச் சாக்கடையில் கொட்டினாள். இனிமேல் எதற்கும் பூச்சு கிடையாது, என் நகை கருக்கும், விருப்பமிருந்தால் வாங்குங்கள் என்று 'காதோரம்' பக்கத்தில் எழுதினாள். வியாபாரம் படுத்துவிடும் என்று ராமசெல்வி பயந்தாள். படுக்கவில்லை. தானாகக் கருத்துத் தானாக மின்னுகிற நகை என்று அது பிய்த்துக்கொண்டு போயிற்று. முன்பு திட்டிய அடையாறுப் பெண்ணே நாலு ஜோடி வாங்கினாள். கருக்கிற ஒவ்வொரு தடவையும் அவர்கள் காதைப் படம் பிடித்துப் போட்டு, கறுப்புக்கு எந்தத் துணி எடுப்பாக இருக்கும், வெள்ளைக் குர்த்தியா சாம்பலா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். புகைபோக்கியைப் பின்னணியாக வைத்து ஒரு படம் எடுத்துப் போடக் கூடாதா, இப்போது அந்த மாதிரிதான் ஓடுகிறது என்றும் ஒருத்தி எழுதினாள்.

அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. போன வாரம் மித்ரா பாரிமுனையில் முத்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் விடாமல் துடித்தது. வேளச்சேரியில் கருத்த காது, கோயம்புத்தூரில் கருத்த காது, இன்னிக்கு மறுபடியும், ரொம்ப அழகு. அவள் கன்னியம்மாவுக்குப் போன் போட்டு, சின்னம்மா, ஜன்னல சாத்து, மூச்சு வாங்குற அந்தப் பக்கத்து வூட்டுப் புள்ளய கரைக்கு அனுப்பிடு என்றாள். அப்பவே சாத்திட்டேன் என்று கன்னியம்மா சொன்னாள். பிறகு மித்ரா வந்திருந்த எல்லாப் படத்துக்கும் ஒவ்வொன்றாக இதயம் போட்டாள், தொழிலில் அது ஒரு மரியாதை. கடைசியாக ஒரு பெண் கேட்டிருந்தாள்: நீங்கள் வலது காதில் போட்டிருக்கிறீர்களே, குடைக்குள் குடை, அந்தக் கறுப்பு வேறு எதிலும் இல்லை, எனக்கு அதே மாதிரி ஒன்று செய்து தருவீர்களா? அது ஒரே ஒரு நாளைக்கென்று செய்தது என்று மித்ரா அடித்தாள். அடித்ததைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அழித்துவிட்டு, ஸ்டாக் இல்லை என்று அனுப்பினாள்.